மூன்றாம் தடவை சொல்லாத விலை

எங்கள் ஸோல்பெர்க்கில் ஒருவரைப் பார்த்து உங்களுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்பதும், உங்கள் உள்ளாடை என்ன நிறம் என்று கேட்பதும் ஒன்று. இரண்டாவதையாவது மருத்துவர் கேட்கலாம். முதலாவதை அவரும் கேட்கக் கூடாது. ஆகவே வடக்கு டகோடாவின் இந்த மேற்கு மூலையில் பூமிக்கடியில் எண்ணெய் இருப்பது தெரியவந்து, ஊருக்குள் லாரிகள் வரிசையாக நுழைந்து, நேற்றுவரை கதவில்லாத டிரக் ஓட்டியவர் இன்று பளபளக்கும் டிரக்கில் வந்து இறங்கியபோதும் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. "புது வண்டியா?" என்றுகூடக் கேட்கவில்லை. "வண்டி சுத்தமா இருக்கே" என்றோம். அவரும் "கழுவினேன்" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், சிரமப்படாதீங்க என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை என்று சொல்லி முழுக் கோப்பையை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்பவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவை கேட்காதவன் கஞ்சன். நார்வேயிலிருந்து எங்கள் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் இன்னும் உடையாமல் இருப்பது இது ஒன்றுதான். வெர்னன் க்வாமி, அர்டிஸிடம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று ஒரே மாலையில் மூன்று தடவை கேட்டானாம். இடையில் இரண்டு காபி. அதற்கும் மும்மூன்று கேள்வி. அவன் வீடு திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டது என்பார்கள்.

அந்த அர்டிஸுக்குத்தான், கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் கழித்து, தன்னிடம் இருப்பதன் மதிப்பை உணர வேண்டிய நிலைமை வந்தது.

அவளிடம் இருந்தது இருபத்திரண்டு ஏக்கர் அடிநிலம். அவளுடைய அப்பாவின் பண்ணை எண்பதுகளில் கடனில் முழுகிப்போனபோது வங்கி மேலே இருந்ததை எடுத்துக்கொண்டது. கீழே இருந்ததை எழுதி வாங்க மறந்துவிட்டது. கீழே என்ன இருக்கப்போகிறது, இன்னும் கொஞ்சம் கல் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். மேல்நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரன் கேலன் ஃபாஸம் வாங்கினான். அதனால் கோதுமை கேலனுடையது, கோதுமை வேருக்குக் கீழே இருப்பது அர்டிஸுடையது. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே தேவாலயத்தில் அடுத்தடுத்த வரிசையில் உட்காருகிறவர்கள், இப்படியெல்லாம் பேசிக்கொள்ள முடியுமா?

அர்டிஸ் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் முப்பத்தொரு வருஷமாக வேலை பார்த்தாள். நாங்களெல்லாம் அவள் கரண்டியில் வளர்ந்தவர்கள்தான். வெர்னன் தானியக் கிடங்கில் எடை போட்டான். ஓர் அக்டோபரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று. பேச்சில் பாதியும் போயிற்று. இரண்டரை மணி நேரத் தொலைவில், பிஸ்மார்க்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அர்டிஸ் காரை எடுத்துக்கொண்டு போவாள். அவன் சக்கர நாற்காலியில், விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்த பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டை இடக்கையால் பாதி போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

"வண்டிய எங்க நிறுத்தியிருக்க?"

"இன்னிக்கி இல்ல வெர்ன்."

"பனி கெட்டியாகறதுக்குள்ள கெளம்பிரலாம் ஆர்டி."

"அடுத்த தடவை."

அவன் தலையாட்டுவான். தொப்பியைக் கழற்ற மாட்டான்.

வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றுதான் இல்லத்துக்காரர்களும் சொன்னார்கள். வாசலில் சாய்தளம் போட வேண்டும், ஏற்றி இறக்கும் கட்டில் வேண்டும், அவள் வேலைக்குப் போயிருக்கும்போது பார்த்துக்கொள்ள ஒரு தாதி வேண்டும். ஒரு வருஷத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அர்டிஸ் அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். பார்க்கப் பார்க்கக் குறையுமோ என்னவோ, அடிக்கடி எடுத்துப் பார்த்தாள்.

ஜனவரியில் ஒரு கனிமக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. "தங்கள் அடிநில உரிமையை வாங்க ஆவலாயிருக்கிறோம். ஆயினும் அதன் மதிப்பைத் தாங்கள் முழுமையாக உணர்ந்த பிறகே வாங்குவது எங்கள் கொள்கை. எங்களுக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத, ஸோல்பெர்க்கில் இயங்கும் கனிம உரிமையாளர் மதிப்புணர்வு நிலையத்தை அணுகுக." உறையில் இருந்த அனுப்புநர் முகவரியும் நிலையத்தின் முகவரியும் ஒன்றாக இருந்தன. அர்டிஸ் அதைக் கவனித்தாள். கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டாள்.

நிலையம் எங்கள் பழைய பௌலிங் கூடத்தில் இருந்தது. பந்து உருட்டும் பாதைகளை அப்படியே விட்டு, அவற்றின்மேல் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். பளபளப்புத் தரை கெட்டுப்போகும் என்பதால் உள்ளே வருகிறவர்கள் பனிக்காலணிகளைக் கழற்றிவிட்டு, அலமாரியில் மிச்சமிருந்த பௌலிங் காலணிகளை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே எங்கள் ஊரில் கனிமத்தின் மதிப்பை உணர்ந்தவர்கள் எல்லோருமே சிவப்பு நீலக் காலணிகளில் வழுக்கி வழுக்கித்தான் உணர்ந்தார்கள். சுவரில் "தெரிந்து விற்போம்" என்று பெரிய பலகை. அதன் பக்கத்தில் கழற்ற மறந்த ஒரு சின்னப் பலகை: "1987, மாவட்ட வாகையர், வெ. க்வாமி." அர்டிஸ் எப்போதும் அதற்குக் கீழே இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

நிலையத்தின் இயக்குநர் ட்ரென்ட் மேஹ்யூ. தெற்கே ஒக்லஹோமாவிலிருந்து வந்தவர். நல்ல உயரம், நல்ல குரல். சேறு படாத பூட்ஸ். விதி அவருக்குப் பொருந்தாது.

முதல் கூட்டம் நடந்த அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. உள்ளே இலவசமாக மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கு மசியலும். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்காக மட்டுமே வந்ததுபோல ஒன்பது பேரும் நடந்துகொண்டார்கள்.

"மதிப்புன்னா என்னங்க?" என்று மேஹ்யூ ஆரம்பித்தார். "நிறையப் பேரு மதிப்பு ஒரு நம்பர்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. அவங்களாலதான் எங்களுக்குக் கஷ்டம். மதிப்புங்கிறது ஒரு உணர்ச்சி. நம்பரை நாங்க பாத்துக்கறோம். நீங்க உணருங்க, அது போதும். ஏதாவது கேள்வி இருக்கா?"

எங்கள் ஊரில் எப்படிக் கேள்வி இருக்கும்?

"அருமை! இவ்வளவு தெளிவான ஜனங்கள நான் எங்கயும் பாத்ததில்ல" என்று உருகினார் மேஹ்யூ.

பிறகு ஏழு அடுக்குக் கேக் ஒன்றைச் சக்கரம் வைத்த மேஜையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இதுதான் பூமி" என்றார். "மேல இருக்கிற அடுக்கு வேற ஆளோடது, அதத் தொடாதீங்க. ரெண்டு, மூணு, நாலு எல்லாம் கல்லு. அஞ்சாவது பாருங்க, சாக்லேட்டு. மூணு கிலோமீட்டர் ஆழத்துல. அதுதான் உங்களோடது. உங்களுக்கே உங்களுக்கு." எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு கேக்கை வெட்டி ஒன்பது தட்டுகளில் பரிமாறினார்கள். அர்டிஸ் முப்பத்தொரு வருஷம் பரிமாறியவள். ஒன்பது தட்டிலும் எத்தனை அடுக்கு இருந்தது என்பது அவள் கண்ணுக்குத் தானாகவே பட்டது. சாக்லேட் அடுக்கு மட்டும் எந்தத் தட்டிலும் இல்லை. மேஹ்யூ அதை அலுமினியத் தாளில் சுற்றித் தன் அறைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"கேக் எப்படி மேடம்?" என்றார் திரும்பி வந்து.

"பரவால்லைங்க. கொஞ்சம் வறண்டிருக்கு."

"அதான் பூமி" என்றார் மேஹ்யூ.

இதற்குப் பிறகு இன்னும் நான்கு கூட்டங்கள் நடந்தன. முதலில் டைனோசர்கள் பற்றி. அடுத்து, இரும்புத் துரப்பணம் பூமிக்குள் நேராகப் போய்ப் பக்கவாட்டில் திரும்பும் அதிசயம் பற்றி. பிறகு அண்டை அயலாரிடம் விலை பேசினால் வரும் மனஸ்தாபங்கள் பற்றி. கடைசியாக மறுபடியும் டைனோசர்கள். ஒரு நிலத்துக்கடியில் துளையிட யாராவது அரசாங்கத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது, பக்கத்து எண்ணெய்க் கிணறு எவ்வளவு இறைக்கிறது என்று எங்கே தெரிந்துகொள்வது, இந்த இரண்டையும் மாவட்ட ஆபீஸில் இலவசமாகக் காட்டுவார்களா என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. டைனோசர்களுக்கே நேரம் போதவில்லை.

பிப்ரவரியில் தனி நேர்காணல். மேஹ்யூவின் அறையில் காபி இயந்திரம் ஒன்று இருந்தது. அவர் தனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டு, "காபி?" என்றார்.

"வேண்டாங்க."

"ஓகே" என்று உட்கார்ந்துவிட்டார். அர்டிஸுக்கு அப்போதே கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

"நியாயமான சந்தை விலைன்னா சட்டத்துல ஒரு விளக்கம் இருக்கு மேடம். எந்தக் கட்டாயமும் இல்லாம விக்கிறவரும் வாங்கறவரும் மனசாரச் சம்மதிக்கிற விலை. உங்களுக்குக் கட்டாயம் ஏதாச்சும் இருக்கா?"

"கட்டாயம்னு சொல்ல முடியாது. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரணும்."

"எங்கேருந்து?"

"பிஸ்மார்க்லேருந்து. பக்கவாதம். தொப்பிய மாட்டிக்கிட்டே உக்காந்திருக்கார்."

மேஹ்யூ பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் உண்மையாகவே வருத்தப்பட்டது. "மேடம், இத எங்கிட்ட சொன்னது சொன்னதா இருக்கட்டும், வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இதுக்குப் பேருதான் கட்டாயம். கட்டாயம் இருக்கிறவங்களுக்கு நியாயமான விலை கெடையாது, சட்டமே அப்படித்தான். நியாயமில்லாத விலைதான் போட முடியும். எங்க நிலையம் நியாயமில்லாத விலைக்கு ஒருநாளும் ஒத்துக்காது. அதனால உங்களால விக்கவே முடியாது."

"அப்போ என்னங்க பண்றது?"

"கட்டாயம் இல்லன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

கொடுத்தார். "எனக்கு இந்தப் பணம் தேவையில்லை" என்று அச்சடித்திருந்த மூன்று படிவங்கள். விற்பதற்கான காரணம் என்ற இடத்தில் அர்டிஸ் "சும்மா" என்று எழுதினாள். தற்போதைய நிலைமை என்ற இடத்தில் எங்கள் ஊரில் யாரும் எழுதுவதையே எழுதினாள்: "மோசமில்லை. இதைவிட மோசமாக இருக்கலாம்." வீடு பற்றிக்கொண்டு எரியும்போது தீயணைப்புக்காரனுக்கும் நாங்கள் இதையேதான் சொல்வோம். நிலையத்தில் அதைப் படித்துவிட்டு அவள் கோப்பைப் பொறுமைசாலிகள் அடுக்கில் வைத்தார்கள்.

"இப்ப நீங்க சுதந்திரமானவங்க" என்றார் மேஹ்யூ. "இனி விலை பேசலாம். கம்பெனி சார்பா என்னைச் சொல்லச் சொல்லியிருக்காங்க. சம்பந்தமே இல்லாட்டாலும் சொல்றேன். ஏக்கருக்கு நாலாயிரம் டாலர்."

அர்டிஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பைபிளுக்குள் இருந்த தாளில் எழுதியிருந்ததைவிட அது அதிகம். கட்டில், தாதி, சாய்தளம் எல்லாம் போக, வெர்னனுக்கு ஒரு புதுத் தொப்பிகூட வாங்கலாம். அந்த நேரத்தில் மரியாதையுள்ள ஒரு பெண் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள்.

"ஐயையோ, அவ்வளவெல்லாம் வேண்டாங்க."

மேஹ்யூ புருவத்தை உயர்த்தினார். "நாலாயிரத்தி ஐந்நூறு?"

"சிரமப்படாதீங்க" என்றாள் அர்டிஸ். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, சரி என்று சொல்லத் தயாராக, லேசாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மேஹ்யூ கோப்பில் ஏதோ எழுதினார். பேனாவை மூடினார்.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?"

"இல்லைங்க" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். மிகவும் பணிவாகத்தான் திறந்துவிட்டார்.

காரில் திரும்பும்போது, தெற்கத்தி ஆட்கள் கொஞ்சம் நிதானம், மூன்றாம் தடவை கடிதத்தில் கேட்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மார்ச் முழுக்கத் தபால் பெட்டியைப் பார்த்தாள். போய்க் கேட்கலாம்தான். வேண்டாம் என்று சொன்ன பண்டத்தைத் தானே போய்க் கேட்டு வாங்குகிறவளை எங்கள் ஊர் என்ன நினைக்கும்? அந்த ஞாயிறுகளில் வெர்னனிடம், "சீக்கிரம் வெர்ன், இன்னும் ஒரு தடவை கேட்டாங்கன்னா முடிஞ்சிரும்" என்றாள். அவனுக்குப் புரிந்தது. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

ஏப்ரலில் மண் இளகியதும் சாய்தளத்துக்குப் பலகை வாங்கிவிட்டாள். மறுநாள் காலை கேலன் தன் ரம்பத்தோடு வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. எதற்கு என்று அவனும் கேட்கவில்லை. பலகையைப் பார்த்தான், வாசற்படியைப் பார்த்தான், அளக்க ஆரம்பித்தான். மத்தியானம்வரை இருவரும் பேசியது அளவு மட்டுமே. பிறகு அவள் மூன்று தடவை கேட்டு அவன் காபி வாங்கிக்கொண்டான்.

கேலன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "வயல்ல குச்சி நட்டிருக்காங்க" என்றான்.

"என்ன குச்சி?"

"சும்மா குச்சிதான். ரோஸ் கலர் ரிப்பன் கட்டி. வடக்கு மூலைல. ஜனவரிலேயே நட்டாங்க."

வடக்கு மூலையின் அடிநிலம்தான் அவளுடையது.

"ஓ" என்றாள்.

கேலன் தொண்டையைச் செருமினான். அவனுடைய அடிநிலம் அடுத்த வயலில். முந்தைய இலையுதிர்காலத்தில்தான் விற்றிருந்தான். வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தக் காகிதம் வீண்செலவு. அவன் வாயைத் திறந்தான்.

"காத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்றான்.

"ஆமா. நேத்து இதைவிட."

"நேத்து இதைவிட ஜாஸ்திதான்." காபியை முடித்துவிட்டு எழுந்து கைப்பிடிக்கு ஆணி அடிக்கப் போனான். அன்று அவன் தேவைக்கு மேலேயே ஆணி அடித்தான். அந்தச் சாய்தளத்தை இன்றைக்கும் புயலால் அசைக்க முடியாது.

மே மாதம் பட்டமளிப்பு விழா. பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நீல அங்கிகளைப் போட்டு, பௌலிங் காலணிகளோடு, ஒன்பது பேரும் ஆளுக்கொரு பாதையில் நடந்துபோய், பந்து போய் விழும் இடத்தில் நின்ற மேஹ்யூவிடம் "மதிப்புணர்ந்தோர்" என்ற சான்றிதழை வாங்கினார்கள். இருவர் வழுக்கி விழுந்தார்கள். எழுந்து, அடி படவில்லை என்றார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் உறுதிமொழி: "மதிப்பை உணர்ந்தேன். உணர்ந்ததைப் பிறருக்கு உரையேன்."

விழா முடிந்ததும் ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்தார்கள்.

"வாழ்த்துகள் மேடம்! உங்க விலை, ஏக்கருக்குத் தொள்ளாயிரம்."

அர்டிஸ் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "முன்னாடி வேற சொன்னீங்களே?"

எங்கள் ஊரில் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. அவளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

மேஹ்யூ கோப்பைத் திருப்பிக் காட்டினார். "அது நீங்க மதிப்பை உணர்றதுக்கு முன்னாடி. உங்க கோப்பு எங்க தலைமை ஆபீஸ்லயே பேசற கோப்பு மேடம், தெரியுமா? 'உயர்ந்த விலையை இரண்டு முறை மறுத்தவர். பணம் தேவையில்லை என மும்முறை உறுதி செய்தவர். விற்கும் காரணம்: சும்மா.' இப்படிப்பட்ட ஒருத்தருக்கு நாலாயிரம் குடுத்தா அது உங்கள அவமானப்படுத்தற மாதிரி. நாங்க பணத்தப் பாக்கறதில்ல, மனுஷங்களோட கொள்கையைப் பாக்கறோம். உங்க கொள்கைக்கு ஏத்த விலை இது. மனசு வரலன்னா வேண்டாம், கட்டாயம் இல்ல."

அவர் அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைத்தார். முந்தைய நாள் ஞாயிறு. வெர்னன் அவளை ஆர்டி என்று கூப்பிடவில்லை. வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டான், வேறு யாரிடமோ கேட்பதுபோல.

அவள் முதல் தடவையிலேயே சரி என்றாள்.

அந்தப் பணம் ஒரு கோடைக்குப் போதுமாக இருந்தது. ஜூனில் வெர்னன் வீட்டுக்கு வந்தான். சாய்தளத்தின் உச்சியில் நாற்காலியை நிறுத்திவிட்டால் நாளெல்லாம் அங்கேயே இருப்பான். இரண்டாம் வாரத்திலிருந்து மறுபடி ஆர்டி என்று கூப்பிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கேலனுடைய வடக்கு மூலையில் துரப்பணக் கோபுரம் ஏறியதையும் இறங்கியதையும் இருவருமாகப் பார்த்தார்கள். ஆகஸ்டில் எண்ணெய் வந்தது. கூடவே வந்த வாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லாததால் ஒரு கம்பத்தின் நுனியில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். வீட்டு உயரத்துக்குச் சுடர், பகலிலும் அணையாமல் எரிந்தது.

"யாரோ வெளக்க அணைக்காம போயிட்டாங்க" என்றான் வெர்னன்.

"ஆமா வெர்ன்."

"சொல்லேன் அவங்ககிட்ட. வீணா எரியுது."

"சொல்றேன்."

அவன் தினமும் சொன்னான். அவளும் தினமும் சொல்றேன் என்றாள். யாரிடம் சொல்வது? எரிந்துகொண்டிருந்தது மே மாதம்வரை அவளுடையதாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் தாதி போய்விட்டாள். வெர்னனை மறுபடி பிஸ்மார்க்குக்குக் கொண்டுபோனார்கள். காரில் ஏறும்போது அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். நவம்பரில், முதல் பனி விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது, வெர்னன் போய்விட்டான். அவள் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்துச் சுட்ட பெரிய தட்டுகள், பெரிய கொதிகலத்தில் காபி. அர்டிஸை உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. காபிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். கேலன் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் எதிரே வந்து நின்றதும் அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"ஏழாயிரம்."

அவளுக்குப் புரிந்தது.

"போன வருஷமே. அடுத்த வயல்தான். அதே கல்லு, அதே எண்ணெய்."

அர்டிஸ் கூஜாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"அந்தக் குச்சி நட்டப்பவே தெரியும், தோண்டப்போறாங்கன்னு. அன்னிக்கி வாய்வரைக்கும் வந்துச்சு, அர்டிஸ். உன் விஷயத்துல மூக்கை நுழைக்கிற மாதிரி ஆயிருமேன்னு… நீயும் ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டா நல்லாவா இருந்திருக்கும்?"

கேலன் யோசித்தான். "நல்லாத்தான் இருந்திருக்காது."

"ஆமா, இருந்திருக்காது" என்றாள் அவள். இரண்டு பேரும் அதில் ஒத்துப்போனார்கள். அவன் கோப்பையில் காபி ஊற்றிவிட்டு அவள் நகர்ந்தாள்.

மேஹ்யூவும் வந்திருந்தார். ஊர்க்காரர்கள் இறந்தால் நிலையத்தின் சார்பில் கலந்துகொள்வது அவர் வழக்கம். வாரிசுகளை அறிமுகம் செய்துகொள்ள வசதி. காலிக் கோப்பையோடு கதவோரம் நின்றார்.

"காபி?" என்றாள் அர்டிஸ்.

"வேண்டாம் மேடம், தேங்க்ஸ்."

"கொஞ்சமா ஊத்தறேனே."

"பரவால்ல மேடம், வேண்டாம்."

"அரைக் கோப்பை எடுத்துக்கங்க."

மேஹ்யூ சிரித்தார். "சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க." கோப்பையை நீட்டினார். அர்டிஸ் விளிம்புவரை நிரப்பினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எங்க ஊர்ல மூணு தடவை கேப்போம்" என்றாள். "முதல் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்றது மரியாதைக்கி. வேணும்னுதான் அர்த்தம்."

மேஹ்யூவின் கை நடுவழியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் இல்லை, ஊற்றி முடித்த கூஜாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கோட்டுப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் நிலையத்தின் பணியாளர் கையேட்டில் ஒரு விதி புதிதாகச் சேர்ந்தது என்று அங்கே தட்டச்சு செய்கிற பெண் சொன்னாள்: ஸோல்பெர்க் வட்டாரத்தில் எந்த விலையையும் இரண்டு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது.

அன்று சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு அர்டிஸ் வெளியே வந்தபோது பனி கனமாகிவிட்டிருந்தது. தூரத்தில் கேலனின் வடக்கு மூலைச் சுடர், பனித்திரைக்குப் பின்னால், விளக்கை அணைக்காமல் போன வீடுபோல மஞ்சளாகத் தெரிந்தது. கேலன் படிக்கட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"கொண்டுபோய் விடட்டா?"

"வேண்டாம் கேலன். நானே ஓட்டிக்கறேன்."

"ரோடு வழுக்குது அர்டிஸ்."

"சிரமப்படாத. பழகின ரோடுதானே."

கேலன் தொப்பியை மாட்டிக்கொண்டான். சுடரைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான். ஒரு படி இறங்கினான். பிறகு நின்று, திரும்பி, எங்கள் ஊரில் யாரும் பேசாத அளவுக்குச் சத்தமாகச் சொன்னான்.

"வா, நான் கொண்டுபோய் விடறேன்."

அர்டிஸ் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

"வண்டிய எங்க நிறுத்தியிருக்க?" என்றாள்.